முயலின் காதில் ஓர் எண்: பச்சை குத்தும் கருவிகளின் தேர்வும் பயன்பாடும்

சிறு முயல் பண்ணைகள் நலிவடைவதற்குத் தீவனப் பற்றாக்குறை, நோய், சந்தை வசதியின்மை ஆகிய மூன்றும் காரணங்களாகக் கூறப்படுவது வழக்கம். நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. எந்த முயல் எந்த முயலின் குட்டி என்பது பண்ணையாளருக்குத் தெரியாமற்போவதே அது. இக்காரணம் கணக்கில் எழுதப்படுவதில்லை. ஆயினும் பண்ணையை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு குடும்பம் 1 ஆண் முயலும் 3 பெண் முயல்களும் கொண்டு தொழிலைத் தொடங்குகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு பெண் முயலும் ஆண்டில் 4 முறை ஈன்று, ஈற்றுக்கு 5 குட்டிகள் பிழைத்தால், ஆண்டின் முடிவில் 60 குட்டிகள் இருக்கும். அந்த 60 குட்டிகளுக்கும் தந்தை ஒன்றே. முயல் ஐந்தாறு மாதங்களில் இனப்பெருக்கத்திற்குத் தகுதி பெறுவதால், முதலாண்டு முடிவதற்குள்ளாகவே உடன்பிறந்தவையும் தந்தையும் மகளும் இணைசேரும் நிலை ஏற்படுகிறது. உடன்பிறந்தவற்றின் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்பு அளவு 25 விழுக்காடு. தந்தை மட்டும் பொதுவாக உள்ள முயல்களின் சேர்க்கையில் அது 12.5 விழுக்காடு. ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை குறைதல், இளங்குட்டிகள் இறத்தல், வளர்ச்சி தேக்கம், பல் வரிசைக் கோளாறு ஆகியன இதன் விளைவுகளாகத் தலைகாட்டுகின்றன. பழியோ தீவனத்தின் மீதும் தட்பவெப்பத்தின் மீதும் சுமத்தப்படுகிறது. இறுதியில், ‘இந்தத் தொழில் நமக்கு ஒத்துவரவில்லை’ என்று குடும்பம் கூண்டுகளை விற்றுவிடுகிறது.

இந்த இழப்பைத் தவிர்க்கத் தேவைப்படுபவை இரண்டே: ஒவ்வொரு முயலுக்கும் அழியாத ஓர் எண், அந்த எண்ணுக்குரிய ஒரு பதிவேடு.

அடையாளத்தின் தேவை

இந்தியாவில் முயல் வளர்ப்பு ஆராய்ச்சிக்கு முக்கியமான அமைப்பு, 1962இல் தொடங்கப்பட்டு இராஜஸ்தானத்தின் அவிகாநகரில் இயங்கிவரும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனமாகும். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் கார்சா என்னுமிடத்தில் உள்ள அதன் மண்டல நிலையம் அங்கோரா இன முயல்களுக்குப் பெயர்பெற்றது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள நிலையம் இறைச்சிக்கான வெள்ளை ஜயண்ட், சோவியத் சிஞ்சில்லா போன்ற இனங்களில் கவனம் செலுத்தி வந்துள்ளது.

இறைச்சி முயலைக் காட்டிலும் அங்கோரா முயலுக்குத் தனி அடையாளம் மேலும் இன்றியமையாதது. இறைச்சி முயல் சில மாதங்களில் விற்பனையாகிவிடும். அங்கோரா முயலோ ஆண்டுக்கு நான்கைந்து முறை உரோமம் கத்தரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பண்ணையில் இருக்கும். ஒரே தீவனத்தை உண்டு, ஒரே கொட்டகையில் வாழும் இரு முயல்கள் தரும் உரோமத்தின் எடை பெரிதும் வேறுபடலாம். ஒவ்வொரு கத்தரிப்பின் எடையையும் உரிய முயலின் பெயரில் எழுதினாலன்றி, எதனை இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொள்வது, எதனைக் கழிப்பது என்று முடிவு செய்ய இயலாது. வெண்ணிற முயல்கள் நூறு இருக்கும் கொட்டகையில் கண்ணால் பார்த்து இனங்காண்பது எத்தகைய அனுபவசாலிக்கும் அரிது.

வேறு முறைகளும் அவற்றின் குறைகளும்

2019இல் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் 12 இலக்க எண் கொண்ட காது வில்லைகள் பொருத்தப்பட்டன. அத்தகைய வில்லையின் கனத்தை முயலின் மெல்லிய காது தாங்காது. சிறிய உலோக வில்லைகளும் கூண்டுக் கம்பியில் சிக்கிக் காதைக் கிழிப்பதுண்டு. கூண்டின் மீது எழுதி வைக்கும் அட்டை, முயல் அதே கூண்டில் இருக்கும் வரைதான் பயன்படும். காதினுள் பேனாவால் எழுதும் எண் சில நாட்களில் மங்கிவிடும். கால் வளையம் குறித்த வயதில் அணிவிக்கப்படாவிட்டால் ஒன்று கழன்றுவிடும், அல்லது காலை இறுக்கும். தோலுக்கடியில் செலுத்தப்படும் நுண்சில்லு நம்பகமானதே. ஆயினும் அதனைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். காதில் குத்தப்படும் பச்சைக்கு அந்தத் தேவை இல்லை. எழுத்தறிந்த எவரும் பகல் வெளிச்சத்தில் அதனைப் படித்துவிடலாம்.

கருவியின் தேர்வு

பச்சை குத்தும் கருவிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது, குறடு போன்ற அமைப்புடைய இடுக்கி. அதன் ஒரு தாடையில் ஊசிமுனைகளால் ஆன எண் அச்சுகளைச் செருக வேண்டும். மற்றொரு தாடையில் ரப்பர்த் தகடு இருக்கும். ஒரே அழுத்தத்தில் முழு எண்ணும் காதில் பதிந்துவிடும். இரண்டாவது, மின்கலத்தால் இயங்கும் ஊசிப் பேனா. எண்ணை வேண்டிய அளவில் கையாலேயே எழுதலாம் என்பது இதன் சிறப்பு. எனினும் எழுதி முடிக்கும் வரை முயல் அசையாதிருக்க வேண்டும். எழுதுபவரின் கையும் பழகியிருக்க வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர் உள்ள பெரும் பண்ணைக்குப் பேனாவும், பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் சிறு பண்ணைகளுக்கு இடுக்கியும் ஏற்றவை எனலாம்.

இடுக்கியை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. எண் அச்சின் உயரம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். கால்நடைக் கருவிக் கடைகளில் கிடைக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அச்சுகள் பெரிய கால்நடைகளுக்கானவை. முயலின் காதில் அவற்றுக்கு இடமில்லை.

2. ஊசிமுனைகள் யாவும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தடித்த தாளில் அழுத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒரு முனை குறைந்தாலும் 8 என்பது 3 போலத் தோன்றக்கூடும்.

3. அச்சுகள் செருகிய இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ரப்பர்த் தகடு மாற்றத்தக்கதாய் இருத்தல் நன்று.

4. கைப்பிடியை விட்டவுடன் தாடை விரைந்து விரிய வேண்டும். ஊசிகள் காதில் தங்கினால், முயல் உதறும்போது காது கிழியும்.

5. 0 முதல் 9 வரையான அச்சுத் தொகுதி இரண்டு தேவை. ஒரு தொகுதியில் ஒவ்வோர் எண்ணும் ஒருமுறையே இருப்பதால், அதனைக் கொண்டு 33 அல்லது 77 என்று அமைக்க முடியாது. வாங்கும்போது பலரும் மறந்துவிடுவது இதுவே.

மையைப் பொறுத்தவரை, பச்சை குத்துவதற்கென்றே தயாரிக்கப்பட்டதை மட்டும் பயன்படுத்துதல் வேண்டும். எழுதும் மையோ முத்திரை மையோ நிலைத்து நில்லாது, புண்ணையும் உண்டாக்கலாம். வெளிர்நிறக் காதுக்குக் கருமையும், கருமை படர்ந்த காதுக்குப் பச்சை மையும் தெளிவாகத் தெரியும்.

எண்ணை அமைக்கும் முறை

எண் என்பது வெறும் வரிசை எண்ணாக இராமல் செய்தி தருவதாக அமைதல் நலம். இடக்காதில் நான்கு இலக்கங்கள் போதும்: முதல் இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம், மற்ற இரண்டும் வரிசை எண். 2024ஆம் ஆண்டு ஜூலையில் பிறந்த 12ஆவது குட்டிக்கு 4712 என்பது எண்ணாகும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு ஏ, பி, சி ஆகிய ஆங்கில எழுத்து அச்சுகளைப் பயன்படுத்தலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை ஆண்டு எண் திரும்ப வருமாயினும், இனப்பெருக்க முயல்கள் அவ்வளவு காலம் பண்ணையில் வைக்கப்படுவதில்லையாதலால் குழப்பம் நேராது. வலக்காதைப் பண்ணையின் அடையாள எண்ணுக்கு ஒதுக்கலாம்.

எண் எப்போதும் காதின் அடியில் தொடங்கி நுனியில் முடிய வேண்டும் என்பதை மாறாத விதியாகக் கொள்ளுதல் வேண்டும். இல்லையேல், தலைகீழாகப் படிக்கும் ஒருவருக்கு 16 என்பது 91 ஆகிவிடும்.

குத்தும் முறை

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளே இதற்கு உகந்தது. பல ஈற்றுக் குட்டிகள் ஒரே கூண்டில் கலந்த பின்னர் எண் இடுவதால் பயனில்லை; அப்போது எழுதப்படும் பெற்றோர் விவரம் ஊகமேயாகும். காது மிகச் சிறிதாக உள்ள பருவத்தில் குத்தினால், காது வளர வளர எண்ணும் விரிந்து உருக்குலையும். காதுச் சொறியோ படையோ உள்ள முயலுக்கு முதலில் மருத்துவம் செய்து, குணமான பின்னரே எண் இட வேண்டும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குதல் எந்நிலையிலும் கூடாது. அதனைத் துணியில் சுற்றி, பின்கால்கள் உதையாதவாறு ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்கால்களை வேகமாக உதைக்கும்போது முயலின் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். அங்கோரா முயலாயின் காதோர உரோமத்தை முதலில் கத்தரித்துவிட வேண்டும்.

பிறகு காதின் உட்புறத்தை ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சினால் துடைத்து, மெழுகும் அழுக்கும் நீக்கி உலரவிட வேண்டும். காதை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்தால் நடுவே செல்லும் தமனியும் விளிம்பில் ஓடும் சிரையும் தெளிவாகத் தெரியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே எண்ணுக்குரிய இடம். இரத்தக்குழாயில் ஊசி பட்டால் பெருகும் இரத்தம் மையைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அமைத்த எண்ணை முதலில் தாளில் அழுத்திச் சரிபார்ப்பது கட்டாயம். தாளில் ஏற்படும் தவறு ஒரு தாளோடு போகும். காதில் ஏற்படும் தவறு முயலின் ஆயுள்வரை நிற்கும். ஊசிமுனைகள் காதின் உட்புறத்தில் பதியுமாறு இடுக்கியை வைத்து, தயங்காமல் ஒருமுறை உறுதியாக அழுத்தி உடனே விட வேண்டும். துளைகளில் மையை இட்டு, விரலாலோ மென்மையான தூரிகையாலோ சற்று நேரம் தேய்த்தால் மை உள்ளே இறங்கும். மேலே வாசலைன் தடவி அப்படியே விட்டுவிட வேண்டும்; மிகுந்த மையைத் துடைக்க முயலுதல் தவறு. இரண்டு மூன்று வாரங்களில் பொருக்கு உதிர்ந்து எண் தெளிவுபெறும். அப்போது ஒருமுறை படித்துப் பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிடுதல் வேண்டும்.

வலியும் தூய்மையும்

முயல் பெரும்பாலும் குரல் எழுப்பாத பிராணி. ஆதலால் அதற்கு வலி தெரியாது என்று கருதுவோர் உளர். இது தவறு. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பச்சை குத்தும்போது முயலின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்வதையும், கண், கன்னம், மூக்கு, மீசை, காது ஆகியவற்றின் தோற்றம் மாறுவதையும் பதிவு செய்தது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரப்பூட்டும் களிம்பை முன்னதாகவே காதில் தடவினால் இத்துன்பம் பெரிதும் குறைவதையும் அது நிறுவியது. கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி இக்களிம்பைத் தடவி, அவர் குறிப்பிடும் நேரம் காத்திருந்து எண் இடுவதே முறை. தம் பொறுப்பிலுள்ள விலங்குக்குத் தேவையற்ற வலி நேராமல் காப்பது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விதிக்கும் கடமையுமாகும். அசையாத முயலின் காதில் எண்ணும் தெளிவாகப் பதியும் என்பதால், இக்கடமை பண்ணையாளரின் நலனுக்கு முரணானதன்று.

ஊசிமுனைகள் ஒரு முயலின் இரத்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல வல்லவை. எனவே ஒவ்வொரு முயலுக்குப் பின்னரும் அச்சுகளைக் கிருமிநாசினியில் தூய்மை செய்தல் வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் அச்சுகளைக் கழற்றி, தூரிகையால் மையை அகற்றி, கொதிநீரில் இட்டு, ஈரமின்றி உலர்த்தி, சிறிது எண்ணெய் பூசி வைத்தால் துருப்பிடிக்காது. மழுங்கிய ஊசி துளைப்பதில்லை, நசுக்குகிறது. அத்தகைய அச்சை உடனே மாற்றிவிட வேண்டும்.

பொதுக் கருவி, பொதுப் பதிவேடு

சில முயல்களை மட்டுமே வைத்திருக்கும் குடும்பம் ஆண்டில் சில நாட்களே பயன்படும் கருவியைத் தனித்து வாங்குதல் சிக்கனமன்று. ஒரு கிராமத்தின் வளர்ப்போர் ஒன்றுகூடி, ஒரு இடுக்கியும் இரண்டு அச்சுத் தொகுதிகளும் வாங்கி, கூட்டுறவுச் சங்கத்திலோ சுய உதவிக் குழுவிலோ வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் வலக்காதுக்குரிய ஓர் எண் வழங்கப்பட்டால், எந்த முயலும் எவருடையது என்பதில் தகராறு எழாது.

இதனினும் பெரிய பயன் வேறொன்று உண்டு. பதிவேட்டில் முயலின் எண், பிறந்த நாள், தாயின் எண், தந்தையின் எண், ஈற்றில் பிறந்த குட்டிகள், பிரிக்கும்போது இருந்த குட்டிகள், எடை அல்லது உரோம அளவு ஆகியவை இருந்தால் போதும். ஒரு குடும்பத்தின் ஆண் முயலை மற்றொரு குடும்பத்தின் ஆண் முயலோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை அதனைக் கொண்டே வகுக்கலாம். உறவுக்கலப்பு புதிய முதலீடின்றியே குறையும். நல்ல தாய் முயலின் மகள்கள் எவை என்பது தெரிந்து, அவை சந்தைக்குப் போகாமல் பண்ணையிலேயே நிற்கும். சான்றோடு விற்கப்படும் இனவிருத்தி முயலுக்கு இறைச்சி முயலைவிடக் கூடுதல் விலை கேட்கவும் இடமுண்டு.

முயல் அலகுகளை வழங்கும் திட்டங்கள் கூண்டையும் தீவனத் தட்டையும் செலவுப் பட்டியலில் சேர்க்கின்றன. அப்பட்டியலில் ஒரு குழுவுக்கு ஒரு இடுக்கியையும் ஒரு பதிவேட்டையும் சேர்ப்பதால் செலவு பெரிதாக உயராது. அவற்றைச் சேர்க்காமற்போனால் இரண்டாம் தலைமுறையிலேயே அலகின் பயன் குன்றத் தொடங்கும். அதே சமயம், கருவியை மட்டும் வழங்கிவிட்டுப் பதிவேட்டை மறப்பதும் பயன் தராது. பதிவேடு இல்லாத பண்ணையில், காதில் குத்திய எண் முயலுக்கு ஏற்பட்ட ஒரு காயமாக மட்டுமே எஞ்சும். பதிவேட்டோடு சேர்ந்தால், அதே எண் அந்தக் குடும்பத்தின் தொழிலுக்கு ஆதாரமாகும்.