நிற்கும் வண்டிக்கும் பங்கு உண்டு

அன்புள்ள மக்கா,

பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்து பைக்கில் ஏறிவிட வேண்டும் என்று நீ துடிப்பது தெரியும். எட்டுப் போடச் சொல்லித்தர ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வண்டியை எங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தரத்தான் ஒருவரும் இல்லை. அதற்காகவே இந்தக் கடிதம். (லைசென்ஸ் எடுக்கும்வரை அப்பாவின் வண்டிச் சாவியைத் தொடாதே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.)

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. சாவுக்கான காரணங்களில் அதிவேகமே முன்னால் நிற்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மோதிய வண்டியைப் பற்றியே பேசிப் பழகிய நாம், நடந்தவரைத் தார்ச்சாலைக்கு இறக்கிவிட்ட வண்டியை, ஓட்டியவரின் கண்ணை மறைத்த வண்டியை மறந்துவிடுகிறோம். அது சாலையோரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. சும்மா நின்றதே அதன் குற்றம்.

நம் மயிலாடியையே எடுத்துக்கொள். சிற்பக்கூடங்கள் உள்ள ஊர். கல் ஏற்ற லாரி வரத்தான் செய்யும். கடைத்தெருவில் சாலையை ஒட்டி ஒரு லாரி நிற்பதாகவும், அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை சாலையைக் கடக்க வருவதாகவும் வைத்துக்கொள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் ஒழுங்காகவே ஓட்டி வருகிறார். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை அழுத்த ஒரு நொடியாவது ஆகும். பிள்ளை ஆறு மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படுகிறது என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே மோதல் முடிந்திருக்கும். லாரி அங்கே நிற்காவிட்டால் அதே பிள்ளை முப்பது மீட்டருக்கு முன்பே தெரிந்திருக்கும். நிதானமாக ஓட்டுபவரையும் கொலைகாரராக்கிவிடும் வேலையை, ஆளில்லாமல் நிற்கும் ஒரு வண்டி செய்கிறது. வேகம் 60 என்றால் அந்த ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல். எடையுள்ள பொருள் நகரத் தொடங்கிவிட்டால் என்ன செய்யும் என்று கல்லோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

“நடப்பவர்கள் மட்டும் யோக்கியமா? போனைப் பார்த்துக்கொண்டு நினைத்த இடத்தில் குறுக்கே பாய்கிறார்களே” என்று நீ கேட்கலாம். பாய்கிறார்கள்தான். ஆனால் நடைபாதையும் கோடுபோட்ட கடவையும் இல்லாத சாலையில் நினைத்த இடத்தைத் தவிர வேறு எந்த இடம் இருக்கிறது? தவிரவும், நடப்பவரின் கவனக்குறைவு பெரும்பாலும் அவரையே கொல்லும். வண்டிக்காரரின் கவனக்குறைவு அடுத்தவரைக் கொல்லும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

“எங்கேதான் நிறுத்துவது? ஐந்தே நிமிஷம்தானே” என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு; வண்டி நிறுத்த இடம் ஒதுக்காமலே கடைகள் கட்ட விட்டிருக்கிறோம். ஆனால் ஒருவர் எடுத்த இடத்தில் அடுத்தவர் நிறுத்துகிறார். அப்படியே நாள் முழுக்க ஓரம் அடைந்து கிடக்கிறது. ஐம்பது அடி தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது உனக்குச் சோம்பல் சார்ந்த விஷயம். உன் வண்டியைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்க வேண்டிய கிழவிக்கு உயிர் சார்ந்த விஷயம். சட்டமும் அவர் பக்கம்தான்: ஆபத்தோ தடையோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவுப்படி குற்றம்.

சாலையை அகலமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். நடைபாதை இல்லாமல் அகலமாக்கினால் கிடைப்பது கூடுதல் வேகமும் கூடுதல் பார்க்கிங்கும்தான். கேட்க வேண்டியது நடைபாதை. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடக்கத் தகுந்த நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்துவைக்கும் ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கு அது. பேரூராட்சியிடம் நடைபாதை கேட்டு மனுக் கொடுக்க உன் வயதுக்காரர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் போட்டுத்தரும் நடைபாதையின் மேலேயே பைக்கை ஏற்றி நிறுத்தினால் எந்தத் தீர்ப்பும் உதவாது.

அதனால் லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒன்று செய், மக்கா. வண்டியைப் போட்டு இறங்கியதும் ஒரு தடவை திரும்பிப் பார். பையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சாலையில் இறங்காமல் அதைத் தாண்டிப் போக முடியுமா? முடியாதென்றால் மறுபடி ஏறி, தள்ளிக் கொண்டுபோய் நிறுத்து.

அன்புடன்,
உன் மாமா