நிலம் பற்றும் காலணி

கோல்ஃப் ஆட்டக்காரர் மட்டையை ஓங்கிப் பந்தை அடிக்கும்போது, காண்போர் அவருடைய கைகளையே நோக்குவர். ஆனால், பந்தை நெடுந்தொலைவுக்குச் செலுத்தும் ஆற்றல் காலடியிலிருந்தே தொடங்குகிறது. கால் நிலத்தைத் தள்ளுகிறது. நிலம் காலைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் இவ்வெதிர்விசையின் துணைகொண்டே இடுப்பும் தோளும் சுழல்கின்றன. மட்டை விரைவு பெறுகிறது. கால் சற்றே வழுக்கினாலும் மட்டையின் பாதை மாறும். பந்தும் திசை தவறும். எனவே, காலுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட காலணி இவ்விளையாட்டின் இன்றியமையாத கருவியாகிறது.

இரு கால்களும் இரு பணிகளும்

வலக்கைப் பழக்கமுடைய ஆட்டக்காரர் மட்டையைப் பின்னோக்கி உயர்த்தும்போது உடலின் எடை வலக்காலில் கூடுகிறது. மட்டை கீழிறங்கும்போது அவ்வெடை இடக்காலுக்கு மாறுகிறது. அடித்து முடிக்கையில் வலக்காலின் குதி உயர, பாதம் விரல்களின் அடிப்பகுதியில் மடிகிறது. இடக்காலோ தன் வெளிவிளிம்பில் எடையைத் தாங்கியவாறு முறுக்கப்படுகிறது. இவ்வாறு மடிவதற்கு நெகிழ்தன்மை வேண்டும். முறுக்கத்தைத் தாங்குவதற்கு நிலைத்தன்மை வேண்டும்.

ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு பண்புகளையும் வடிவமைப்பாளர் ஒரே காலணியில் இணைக்கின்றனர். அகன்ற அடிப்பகுதியும் குதிகாலை இறுகப் பற்றும் உறுதியான பின்பகுதியும் பாதம் பக்கவாட்டில் சாயாமல் காக்கின்றன. காலணியின் நடுப்பகுதி எளிதில் முறுக்கிக்கொள்ளாதவாறு விறைப்பாக அமைக்கப்படுகிறது. விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் குறுக்கே பள்ளங்கள் இடப்படுகின்றன. 18 குழிகள் கொண்ட ஆட்டத்தை நடந்தே முடிப்பவர் ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரும். ஆதலால் எடை குறைந்த, அதிர்வைத் தாங்கும் நுரைப்பொருள் இடையடுக்காக வைக்கப்படுகிறது.

இரும்பு முள்ளிலிருந்து நெகிழிக்கு

ஈரப் புல்லில் வழுக்காதிருக்க, சிறு ஆணிகள் அடித்த காலணிகளை அணியுமாறு 1857இல் ஸ்காட்லாந்தில் வெளிவந்த கோல்ஃப் கையேடு ஒன்று அறிவுறுத்தியது. பின்னர் உலோக முட்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. அவை மண்ணில் ஆழ ஊன்றி நல்ல பிடிமானம் தந்தன. ஆயினும், குழியைச் சூழ்ந்துள்ள புல்தரை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கே கத்தரிக்கப்படுவது. முட்கள் அதனைக் கிழித்தன. அவை விட்டுச்சென்ற தடங்கள் உருளும் பந்தின் வழியை மாற்றின.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், குளிர்காலப் புல்தரையைக் காக்கும் நோக்குடன் நெகிழி முட்கள் உருவாக்கப்பட்டன. இவை மண்ணைத் துளைப்பதில்லை; விரிந்த கிளைகளால் புல்லிதழ்களைப் பற்றிக்கொள்கின்றன. இவற்றின் வரவால் பல மைதானங்கள் உலோக முட்களுக்குத் தடை விதித்தன. 2010ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் ஃபிரெட் கப்பிள்ஸ் முட்களற்ற காலணி அணிந்து ஆடி, முதல் சுற்றில் முன்னிலை பெற்றார். அடிப்பகுதியிலேயே சிறு மேடுகளை வார்த்தெடுத்த அவ்வகைக் காலணிகள் அதன்பின் பரவலாயின. உலர்ந்த தரைக்கு அவை போதுமானவை. ஈரமான சரிவில் நெகிழி முட்களே கூடுதல் பிடிமானம் தருகின்றன.

அளவான பிடிமானம்

பிடிமானம் மிகுதியாக இருந்தால் நன்மையும் மிகும் எனக் கருதுதல் பொருந்தாது. உடல் சுழலும்போது பாதம் நிலத்தில் சிறிதும் திரும்பாமல் பூட்டப்பட்டால், அம்முறுக்கத்தை முழங்கால் மூட்டே ஏற்க நேரும். பிடிமானம் குறைந்தால் கால் வழுக்கும். மிகுந்தால் மூட்டு வருந்தும். ஆகவே, பாதம் பக்கவாட்டில் நழுவாமல் தடுத்து, அடியின் முடிவில் சிறிதளவு திரும்ப இடங்கொடுக்கும் வகையில் முட்களின் வடிவும் இடமும் திட்டமிடப்படுகின்றன.

ஆட்டக்காரரின் வெற்றியோடு அவருடைய மூட்டின் நலத்தையும் அவர் மிதித்துச் செல்லும் புல்லின் உயிரையும் கருத்திற்கொள்ளும் காலணியே நல்ல காலணியாகும்.