சூடம் காட்டிய நேர்கோடு

ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம். நானே பிரித்தெடுத்த புரதத்தை சி.டி. (சர்க்குலர் டைக்ரோயிசம்) கருவியில் வைத்தேன். திரையில் கோடு மெல்ல இறங்கி, 225 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம் போட்டுவிட்டு மேலே ஏறியது. ஆல்ஃபா சுருள் இருந்தால் 222-இல் பள்ளம் விழும் என்று படித்திருந்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. "ஹெச்.டி. எவ்வளவும்மா போச்சு?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து பார்த்தால், 228-க்குக் கீழே ஹெச்.டி., அதாவது டிடெக்டரின் மின்னழுத்தம், உச்சத்தில் போய் உட்கார்ந்திருந்தது. வருகிற ஒளி குறையக் குறைய, அதை ஈடுகட்டக் கருவி அந்த மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதற்குப் பிறகு வரும் கோட்டுக்கு அர்த்தமில்லை. ஆனாலும் கோடு வந்துகொண்டுதான் இருக்கும். நிக்கல் ரெசினிலிருந்து 250 மில்லிமோலார் இமிடசோலோடு இறங்கிய புரதத்தை, டயாலிசிஸ் செய்யாமல் அப்படியே ஊற்றியிருந்தேன். அங்கே வரவேண்டிய ஒளியை எல்லாம் இமிடசோல் குடித்துவிட்டது. நான் கொண்டாடிய பள்ளம், ஒளி தீர்ந்துபோன இடம்.

இப்போது 12 வருடமாக அந்த மாதிரிக் கருவி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. சாம்பிளோடு வருகிறவர்களிடம் நானும் முதலில் ஹெச்.டி.யைத்தான் கேட்கிறேன். 600 வோல்ட்டைத் தாண்டியதும் கோட்டை அங்கேயே வெட்டிவிடுங்கள். வெட்ட மனசு வராது, தெரியும்.

இந்தக் கருவி எதை அளக்கிறது என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதித் தவறு குறையும். வலது செருப்பும் இடது செருப்பும் தராசில் ஒரே எடைதான். காலில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். வலது கை, இடது கை மூலக்கூறுகளும் அப்படித்தான். சாதாரண ஒளி தராசு மாதிரி. வலம் சுழலும் ஒளியும் இடம் சுழலும் ஒளியும் கால் மாதிரி. கருவிக்குள் இருக்கும் மாடுலேட்டர், ஒளியை நொடிக்கு சுமார் 50,000 தடவை இடமும் வலமுமாக மாற்றுகிறது. சாம்பிள் எதைக் கூடுதலாக உறிஞ்சியது என்ற வித்தியாசம் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் விடை. புரதங்களில் அது மொத்த உறிஞ்சுதலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். 75 கிலோ நெல் மூட்டையில் ஏழெட்டு கிராம் குறைகிறதா என்று பார்ப்பது போல. 1895-இல் எய்மே காட்டன் என்ற பிரெஞ்சுக்காரர் உலோக டார்ட்ரேட் கரைசல்களில் இதை வெறும் கண்ணால் பார்த்தே பிடித்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஏழெட்டு கிராமைத் தேடும்போது மூட்டையில் ஒட்டிய மண்ணும் கணக்கில் வரும். அதனால்தான் பஃபர் விஷயத்தில் நான் கறார். உப்பில் இருக்கும் குளோரைடு, 200 நானோமீட்டருக்குக் கீழே பார்வையை மறைத்துவிடும். 10 மில்லிமோலார் பாஸ்பேட் போதும். உப்பு இல்லாமல் புரதம் நிற்காது என்றால் சோடியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் ஃப்ளூரைடு போடுங்கள். 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் க்யூவெட்டில், மில்லிக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் புரதம் நன்றாக வேலை செய்யும். அந்த அளவை மட்டும் உத்தேசமாகச் சொல்லாதீர்கள். அதில் 20 சதவீதம் பிசகினால், எவ்வளவு சுருள் இருக்கிறது என்ற கணக்கும் அதே அளவுக்குப் பிசகும்.

நைட்ரஜன் ஓடாமல் ஜெனான் விளக்கைப் போடவே போடாதீர்கள். அதன் புற ஊதாக் கதிர் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக்கும். ஓசோன் உள்ளே இருக்கும் கண்ணாடிகளை அரித்துவிடும். ஒரு சனிக்கிழமை சிலிண்டர் தீர்ந்ததைக் கவனிக்காமல் ஒருவர் மதியம் வரை ஓட்டினார். அறைக்குள் நுழைந்ததுமே மூக்கில் அந்தக் காரவாடை ஏறியது. கண்ணாடி மாற்றிய பில்லைப் பற்றிப் பேசவேண்டாம்.

வேகம், சராசரி எல்லாம் எளிது. நிமிடத்துக்கு 50 நானோமீட்டர், 1 நொடி மறுமொழி நேரம், 1 நானோமீட்டர் பட்டை அகலம். நாலு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். இன்னும் பாதியாக்க வேண்டுமென்றால் பதினாறு தடவை, அதற்குப் பொறுமை வேண்டும்.

என்னைக் கேட்டால், உண்மையான ஆபத்து திடப் படலங்களில்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாணவி, குவார்ட்ஸ் தகட்டில் காயவைத்த மெல்லிய படலத்தோடு வந்தாள். 40 மில்லிடிகிரி பீக். கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் தகட்டை அதன் தளத்திலேயே 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி ஓட்டினேன். பீக் அப்படியே தலைகீழானது. மூலக்கூறுகள் காயும்போது ஒரே திசையில் வரிசையாகப் படுத்துவிட்டன. கருவி அந்த வரிசையைத்தான் அளந்தது. கையைத் தகட்டோடு எப்படித் திருப்பினாலும் வலது கை வலது கைதான், குறி மாறக்கூடாது. அன்று மாலை கேன்டீனில் அவள் டீயைத் தொடவில்லை. அடுத்த வாரம் எதிர்க்கை மூலக்கூறில் படலம் செய்துவந்தாள். கண்ணாடி பிம்பம் போலக் கீழ்நோக்கி வரவேண்டிய பீக், மேல்நோக்கியே வந்தது. விஷயம் முடிந்தது.

அதனால் முடிந்தபோதெல்லாம் இரண்டு கைகளையும் அளந்துவிடுங்கள். இரண்டு கோடுகளையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். மிஞ்சுவது கருவியின் கோளாறு, அல்லது உங்களுடையது. பாஸ்டர் 1848-இல் இரண்டு கைப் படிகங்களையும் இடுக்கியால் பொறுக்கிப் பிரித்து, இரண்டும் ஒளியை எதிரெதிராகத் திருப்புவதைக் காட்டினார். அவருடைய உப்பு சுமார் 27 டிகிரிக்குக் கீழேதான் அப்படித் தனித்தனியாகப் படியும். சென்னை மே மாதத்தில் செய்திருந்தால் ஒன்றும் பிரிந்திருக்காது.

கருவியைச் சரிபார்க்க நாங்கள் பயன்படுத்துவது கற்பூரத்தின் வாரிசு: அம்மோனியம் கேம்ஃபர்சல்ஃபோனேட். 0.06 சதவீதக் கரைசல், 1 சென்டிமீட்டர் க்யூவெட், 290.5 நானோமீட்டரில் 190.4 மில்லிடிகிரி வரவேண்டும். அமில வடிவத்தை வாங்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எடை பொய்யாகும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம்.

இதைச் செய்துகொண்டிருந்த ஒரு நாள், கடைச் சூடத்தை வைத்தால் என்ன என்று தோன்றியது. பூஜை அலமாரியிலிருந்து ஒரு வில்லையைக் கொண்டுபோய் எத்தனாலில் கரைத்தேன். 290 பக்கம் உறிஞ்சுதல் ஜம்மென்று தெரிந்தது. சி.டி.யில் நேர்கோடு. மரத்திலிருந்து எடுத்த கற்பூரமாக இருந்தால் அங்கே பீக் எழும்பியிருக்கும். டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்வதில் வலதும் இடதும் சரிபாதி. ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன.

அந்தச் சூடப் பெட்டி இன்னும் லேபில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களை முதலில் அதைத்தான் ஓட்டச் சொல்கிறேன். போன வாரம் சேர்ந்த பையன் பத்து நிமிடம் திரையையே முறைத்துவிட்டு வந்தான்.

"அக்கா, மெஷின் ரிப்பேர்னு நினைக்கிறேன்."

"ஹெச்.டி. எவ்வளவு?"

"320."

"அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்கு. போய் உறிஞ்சுதல் கோட்டைத் திறந்து பாரு," என்றேன்.