வலிப்பு நோயுள்ள பிள்ளை படகேறலாமா?

சென்னைத் துறைமுகத்தினுள் 1911ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பாய்மரப் படகுப் பயிற்சி அளிக்கிறது. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் உள்ளது. விடுமுறையில் மற்றப் பிள்ளைகள் படகேறும்போது, வலிப்பு நோயுள்ள பிள்ளையை மட்டும் கரையில் நிறுத்த வேண்டுமா எனப் பெற்றோர் கேட்பதுண்டு.

எல்லோரையும் தடுக்க வேண்டியதில்லை; ஆனால் காவல் மிக அவசியம். தரையில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். நீரிலோ அச்சில நிமிடங்களே உயிரைப் பறிக்கும். நினைவு தவறுவதால் நீச்சல் அறிந்தவரும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது.

முதலில் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுக. அண்மையில் வலிப்பு வந்திருந்தாலோ, மாத்திரை தவறியிருந்தாலோ, இரவு உறக்கம் குறைந்திருந்தாலோ நீரருகே அனுப்பலாகாது. பயிற்றுநரிடம் நோயை மறைக்காதீர்கள். அறியாதவர் எவ்வாறு காப்பார்? முகத்தை நீருக்கு மேல் தாங்கும் லைஃப் ஜாக்கெட்டை அணிவித்து, முதலுதவி அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்.

நீரில் வலிப்பு வந்தால், பின்புறமிருந்து தலையைத் தாங்கி முகத்தை நீருக்கு மேல் பிடிக்கவும். கைகால்களை அடக்க முயலாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். உதறல் நின்றதும் கரைசேர்த்து மூச்சைக் கவனிக்கவும். மூச்சில்லையெனில் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்கி, 108ஐ அழைக்கச் செய்யவும். மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும்.

பிள்ளை தெளிந்து பேசினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வருக. நுரையீரலில் புகுந்த நீரின் தீங்கு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.