கேப்டன் பந்தைக் கொடுக்க நினைக்கும் ஆள்

அன்புள்ள தம்பி,

கவுண்டி அணியொன்றின் இரண்டாம் அணியில் இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. ஆனால் கடிதம் முழுக்க வேகத்தைப் பற்றியே பேசியிருக்கிறாய். மணிக்கு இன்னும் ஐந்து மைல் கூட்டினால் தேர்வாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிறாய். பார்க்கலாம். ஆனால் கவுண்டிப் பருவம் ஏப்ரல் குளிரில் தொடங்கி செப்டம்பர் வரை நீள்வது. அத்தனை மாதமும் உன்னைத் தாங்கப்போவது துல்லியம்தான். அதற்காகவே இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் டெரெக் ஷாக்கிள்டனைப் பற்றிச் சொல்கிறேன்.

1924இல் டாட்மோர்டனில் பிறந்தவர், ஆடியது ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு. அங்கு வந்தபோது அவர் பேட்ஸ்மேன். கொஞ்சம் லெக் ஸ்பின்னும் போடுவார். 1948இல் அணியில் பந்துவீச ஆள் போதவில்லை என்று மித வேகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே நூறு விக்கெட். அன்று முதல் 1968 வரை 20 பருவங்கள், ஒன்றுகூடத் தப்பாமல் நூறு விக்கெட்! தொடர்ந்து இத்தனை ஆண்டுகள் இதைச் செய்தவர் வேறு யாருமில்லை. முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 2,857 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது 19 ரன்னுக்கும் குறைவு.

அவருடைய ரன்-அப்பில் ஆர்ப்பாட்டமே இருக்காது. உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கை உயர்ந்து வரும், பந்தின் தையல் நிமிர்ந்தே போகும். பந்து காற்றிலும் வளையும், தரையில் பட்டும் லேசாக விலகும். அடிக்க அகலம் தரமாட்டார்; ஆடாமல் விடவும் முடியாது. 1955இல் வெஸ்டன்-சூப்பர்-மேரில் சாமர்செட் அணி அவரிடம் அகப்பட்டது: 11.1 ஓவர், 7 மெய்டன், 4 ரன், 8 விக்கெட். அந்தக் காலத்தில் பிட்சை மூடாமல் மழையில் விடுவார்கள், அதனால் சாதித்தார் என்று சிலர் சொல்வார்கள். அதே பிட்சுகளில் எத்தனையோ பேர் பந்துவீசினார்கள். ஈரம் எல்லாருக்கும்தான் கிடைத்தது. அதை வீணாக்காத லென்த் அவரிடம் இருந்தது.

1961இல் ஹாம்ப்ஷயர் முதன்முறையாக கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்றது. போர்ன்மவுத்தில் டெர்பிஷயரை வென்று பட்டத்தை உறுதி செய்த நாளில் அவர் எடுத்தது 39 ரன்னுக்கு 6 விக்கெட்.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த டெஸ்ட்டுகள் ஏழுதான். 1951-52 இந்தியப் பயணத்தில் டெல்லியில் ஆடினார். அடுத்த அழைப்பு வந்தது 1963இல், 38 வயதில். நடுவில் பெட்சர், ஸ்டாதம், ட்ரூமன் என்று பந்துவீச்சாளர்களின் பெரிய வரிசை நின்றது. அந்த இடைவெளியின் ஒவ்வொரு கோடையிலும் நூறு விக்கெட் எடுத்துக்கொண்டேதான் இருந்தார். அழைப்பு வந்ததும், லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலுமாக 7 விக்கெட். பதினோரு ஆண்டு புறக்கணிப்பு அவருடைய லென்த்தைக் கெடுக்கவில்லை. தம்பி, எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். தேர்வு பிறர் கையில் இருக்கிறது. அடுத்த பந்து உன் கையில் இருக்கிறது.

ஆகவே வலைப்பயிற்சியில் தனியாக ஒரு ஸ்டம்பை நட்டு வை. டியூக்ஸ் பந்தின் தையல் புடைத்து நிற்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதன் இருபுறமும் வை, கட்டைவிரல் அடியில் தையல் மேலேயே இருக்கட்டும். விடும்போது மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். தையல் தள்ளாடிப் போனால் வேகத்தைக் குறை. நேரான பிறகு கூட்டு. களைத்த பிறகு போடும் கடைசி இரண்டு ஓவரைத்தான் கவனமாகப் பார், உன் உண்மையான தரம் அங்கேதான் தெரியும். முன்கால் எங்கே விழுகிறது என்று நண்பனை நின்று பார்க்கச் சொல். முதுகில் வலி வந்தால் மறைக்காதே. உடனே பிசியோவிடம் போ. ஒரு பருவத்தை வீம்புக்கு இழந்துவிடாதே.

இந்த ஆண்டு இங்கிலாந்துத் தொப்பியை இலக்காக வைக்காதே. ரன் கசியும்போதும், விக்கெட் விழாதபோதும், மாலையில் எல்லாரும் சோர்ந்திருக்கும்போதும் கேப்டன் முதலில் தேடும் ஆளாக இரு. அந்தப் பெயரை எந்தத் தேர்வாளரும் உனக்குத் தர முடியாது, பறிக்கவும் முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்