மடத்தில் கிடந்த ஓலைக்கட்டு

திருவனந்தபுரத்தில் பழவங்காடி என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே பிள்ளையார் கோவில் இருக்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் தேங்காய் உடைப்பார்கள். பக்கத்திலேயே கோட்டை. கோட்டைப் பகுதியில் அரசின் ஆவணக் காப்பகம் உள்ளது. பத்மநாபசுவாமி கோவிலின் பழைய கணக்கு ஓலைகளை அங்கே சுருள் சுருளாக வைத்திருக்கிறார்கள்.

அவை கோவில் ஓலைகள். வீடுகளிலும் மடங்களிலும் இருந்த ஓலைகள் எங்கே போயின? அவற்றில் பல காரியவட்டத்தில் உள்ளன. இது நகருக்கு வடக்கே இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இங்குதான் உள்ளது. 65,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இங்கே சுவடிகளாக இருக்கின்றன. வைத்தியம், சோதிடம், கணக்கு, நாடகம் என்று பல வகை.

இந்த வேலை 1908-இல் தொடங்கியது. பழஞ்சுவடிகளை அச்சிட திருவிதாங்கூர் அரசு ஒரு துறை அமைத்தது. அதன் தலைவர் கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிப் பக்கம் தருவை ஊர்க்காரர். அவர் சுவடிகளைத் தேடி அலைந்தார்.

1909-இல் பத்மநாபபுரம் அருகே மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. இந்தப் பகுதி இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. கட்டில் 105 ஓலைகள். எழுத்து மலையாளம், மொழி சமஸ்கிருதம். பிரித்துப் படித்தார். எல்லாம் நாடகங்கள்!

பாசன் என்ற பழைய நாடக ஆசிரியரைக் காளிதாசனே தன் நூலில் புகழ்ந்திருக்கிறார். ஆனால் பாசன் எழுதியது என்று காட்ட யாரிடமும் ஒரு நூல்கூட இல்லை. அழிந்தே போயின என்று பண்டிதர்கள் நினைத்தார்கள். மடத்தில் கிடைத்தவை பாசன் நாடகங்களே என்றார் சாஸ்திரி. வேறு இடத்தில் கிடைத்தவற்றையும் சேர்த்து 13 நாடகங்கள். 1912 முதல் அவை அச்சில் வந்தன. உலகமே வியந்தது.

எல்லாம் பாசன் எழுதியவைதானா? அறிஞர்கள் நூறு ஆண்டாக வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அந்தக் கட்டைக் கறையான் தின்றிருந்தால் வாதாடவும் ஒன்றும் இருந்திருக்காது.

ஓலை தானாக நிலைக்காது. அதற்குப் பராமரிப்பு வேண்டும். முதலில் மென்மையான தூரிகையால் தூசி தட்டுகிறார்கள். பிறகு புல் தைலம் தடவுகிறார்கள். பூச்சி அண்டாது, ஓலையும் ஒடியாது. ஓலையில் இருப்பது மையால் எழுதியது அல்ல, எழுத்தாணியால் கீறியது. எழுத்து மங்கினால் விளக்குக் கரியைத் தடவித் துடைப்பார்கள். கரி கீறலில் மட்டும் தங்கும். எழுத்து பளிச்சென்று தெரியும்!

நம் வீட்டுப் பரணிலும் பழைய கட்டு இருக்கலாம். நிலப் பத்திரமாக இருக்கலாம், தாத்தா எழுதிய மருந்துக் குறிப்பாகவும் இருக்கலாம். கிழிந்த காகிதத்தில் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். சில ஆண்டில் அதன் பசை காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். ஈரம் படாமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எழுத்துப் புரியவில்லை என்று எடைக்குப் போட வேண்டாம். பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.