மீன் சட்டியும் கொவிட் அச்சமும்

2020 ஒக்டோபரில் நான் தரம் 7இல் படித்துக்கொண்டிருந்தேன். பேலியகொடை மீன் சந்தையில் கொவிட்-19 தொற்றாளர்கள் கண்டறியப்பட்டு, சந்தை மூடப்பட்டது. செய்தி பரவியதும் நாடெங்கும் மக்கள் மீன் வாங்கத் தயங்கினார்கள். மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் என் வாப்பா, காலையில் கொண்டுபோன சூரையைப் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தார். உம்மா அதில் ஆணம் காய்ச்சினார். "எனக்கு வேணா, கொரோனா வந்துரும்" என்று பீங்கானைத் தள்ளிவைத்தேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

இன்று உயர்தரத்தில் உயிரியல் கற்கிறேன். அன்று கேட்காமல் விட்ட கேள்வி இப்போது புரிகிறது: சந்தையில் நோயைப் பரப்பியது மீனா, மனிதரா?

கொவிட்-19 ஒரு சுவாசத் தொற்று. தொற்றுள்ளவர் பேசும்போதும் இருமும்போதும் வெளியேறும் நுண்துளிகள் மூலமே அது பெரும்பாலும் பரவுகிறது. வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். இறந்த மீனில் அது பெருகாது. நன்றாகச் சமைத்தால் அழிந்துவிடும். நெருக்கமாக நின்று கூவி விற்றவர்களும் வாங்கியவர்களும் விட்ட மூச்சில்தான் ஆபத்து இருந்தது. ஆனால் நாமோ மீனை ஒதுக்கினோம். அதனோடு நல்ல புரதமும் பல வீடுகளில் குறைந்துபோனது.

இந்த அச்சத்தைப் போக்க, முன்னர் கடற்றொழில் அமைச்சராக இருந்த திலிப் வெதஆராச்சி நவம்பரில் ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். டிசம்பரிலோ, தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்றைப் பெற ஆயிரக்கணக்கானோர் கேகாலையில் முண்டியடித்தனர். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. மீனைத் தள்ளிய அதே பயம்தான் பாணியைத் தேடி ஓடியது.

எங்கள் சமூகத்தின் நெஞ்சைச் சுட்ட விவாதமும் அக்காலத்தில்தான் நடந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்று கூறி, கொவிட்டால் இறந்தோரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனமோ அடக்குவதையும் ஏற்றிருந்தது. 2021 பெப்ரவரியில்தான் இங்கே அனுமதி கிடைத்தது. அதுவரை "ஆதாரம் எங்கே?" என்று எம்மவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் நானும் கேட்டேன். ஆனால் அதே கேள்வியைச் சாப்பாட்டின் முன்னால் நான் கேட்கவில்லையே!

தோழியரே, இன்னொரு தொற்று வரலாம். அப்போதும் வதந்திகள் முதலில் வரும். எதை ஒதுக்குவதானாலும் எதைக் குடிப்பதானாலும் முதலில் ஆதாரத்தைக் கேட்போம்.

அன்று தள்ளிவைத்த பீங்கானுக்காக அண்மையில் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத நான் எப்பயோ மறந்துட்டன் மகள்" என்று சிரித்தார். பிறகு ஒரு துண்டு சூரையை எடுத்து என் பீங்கானில் வைத்தார்.